அச்சமும் இழப்பும்: மசாச்சுசெற்ஸ் குடியியல் உரிமைச் சட்டம் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

கவிதையும் நாவலும் நாடகமுமே விமர்சனத்துக்குரிய எழுத்துக்கள் என்றும், சட்டம் வழக்கறிஞரதும் நீதிபதிகளதும் தனியுடைமை என்றும் கருதும் போக்குக் கலைப்பீடங்களில் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. ஆயின் சட்டமும் சொல்லால் ஆனதே. கவிஞன் ஒருவன் பொருத்தமற்ற சொல்லைக் கையாண்டால் கவிதை கெடும். சட்டமியற்றுவோன் அவ்வாறு செய்தால் யாரோ ஒருவர் நீதிமன்ற வாயிலிலிருந்து வெறுங்கையுடன் திரும்ப நேரும். இவ்வகையில், ஐக்கிய அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் மாநிலம் 1979ஆம் ஆண்டில் இயற்றிய குடியியல் உரிமைச் சட்டம் ஊன்றி நோக்கத்தக்கது. அச்சட்டம் முழுவதும் மூன்று சொற்களின்மீது தங்கி நிற்கின்றது. அச்சுறுத்தல், மிரட்டல், வலுக்கட்டாயம் என்பனவே அம்மூன்றுமாகும். அதன் பெருமையும் குறையும் ஒருங்கே இச்சொற்களிலிருந்து பிறப்பன.

சட்டம் தோன்றிய சூழலை முதற்கண் அறிதல் வேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போரின் பின்னர், விடுதலை பெற்ற கறுப்பின மக்களை இரவில் வந்து தாக்கிய கூ க்ளக்ஸ் கிளான் போன்ற கும்பல்களை அடக்கும் நோக்குடன் 1871இல் சமஷ்டி அரசு ஒரு சட்டத்தை இயற்றியது. அரச அதிகாரத்தின் பெயரால் ஒருவரது உரிமையைப் பறிப்பவர்மீது வழக்குத் தொடர அது வழிசெய்தது. ஆயின் 1883இல் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்று, அரசியல் யாப்பின் பதினான்காவது திருத்தம் அரசின் செயல்களையே கட்டுப்படுத்தும், தனியாரின் செயல்களையன்று என்று வரையறுத்துவிட்டது. சீருடை அணிந்தவன் அடித்தால் உரிமை மீறல். அயலவன் அடித்தால் அது வெறும் அடிதடி வழக்கு. அடிபட்டவனின் உடம்புக்கு இவ்வேறுபாடு புரிவதில்லை என்பது வேறு விடயம்.

பொஸ்ரன் நகரத்தில் இவ்வேறுபாட்டின் போலித்தன்மை வெளிப்பட்டது. அந்நகரின் பாடசாலைக் குழு கறுப்பின மாணவரையும் வெள்ளையின மாணவரையும் திட்டமிட்டே பிரித்து வைத்திருந்தது என 1974ஆம் ஆண்டு யூன் மாதத்தில் சமஷ்டி நீதிபதி ஆதர் காரிற்றி தீர்ப்பளித்தார். அவ்வாண்டு செப்ரெம்பரில் மாணவரை இனக்கலப்புள்ள பாடசாலைகளுக்கு ஏற்றிச் சென்ற பஸ் வண்டிகள் தென் பொஸ்ரனில் கல்லெறிக்கு உள்ளாயின. 1976இல் நகர மண்டப முன்றிலில் கறுப்பின வழக்கறிஞர் ஒருவர் தேசியக் கொடி பூட்டிய கம்பத்தினால் தாக்கப்பட்ட காட்சி புகைப்படமாகி உலகெங்கும் பரவியது. 1979 செப்ரெம்பரில் சாள்ஸ்ரவுண் பகுதியில் காற்பந்தாட்டத்துக்குச் சென்ற கறுப்பினப் பாடசாலை மாணவன் ஒருவன் மைதானத்திலேயே சுடப்பட்டு உடல் இயக்கத்தை இழந்தான். பஸ் வண்டிக்குக் கல்லெறிந்தவரும் கொடிக்கம்பத்தை ஓங்கியவரும் அரச உத்தியோகத்தர் அல்லர். அயலவர், தெருவார், சக மாணவர். நூறாண்டுப் பழைமை வாய்ந்த சமஷ்டிச் சட்டம் இவர்களை அணுக முடியாது நின்ற அதே ஆண்டில் மசாச்சுசெற்ஸ் சட்டசபை தனது சட்டத்தை நிறைவேற்றியது.

அச்சட்டத்தின் சாரம் எளிது. அரச அதிகாரத்தின் பெயரால் நடந்துகொண்டாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, யாராயினும் இன்னொருவர் தமது உரிமையை அனுபவிப்பதில் அச்சுறுத்தல், மிரட்டல் அல்லது வலுக்கட்டாயம் என்பவற்றால் தலையிட்டாலோ தலையிட முயன்றாலோ, மாநிலச் சட்டமா அதிபர் நீதிமன்றத்திடம் தடையுத்தரவு கோரலாம். பாதிக்கப்பட்டவர் தாமே வழக்கிட்டு நட்டஈடும் வழக்கறிஞர் கட்டணமும் பெறலாம். தடையுத்தரவை மீறுதல் தண்டனைக்குரிய குற்றமாகும். உரிமை என்பது சமஷ்டி யாப்பிலிருந்தோ மாநில யாப்பிலிருந்தோ ஏனைய சட்டங்களிலிருந்தோ பெறப்பட்டதாக இருக்கலாம். 1883ஆம் ஆண்டுத் தீர்ப்பு மூடிய கதவை ஒரு மாநிலம் தனது எல்லைக்குள் இவ்வாறு திறந்துவிட்டது எனலாம். மேலும், தீங்கு நிகழ்ந்து முடியும்வரை காத்திராது, தீங்கு நிகழுமென்ற அச்சம் விதைக்கப்படும் வேளையிலேயே குறுக்கிடும் ஆற்றலை அது நீதிமன்றத்துக்கு அளித்தது. புதிதாகக் குடிவந்த கறுப்பினக் குடும்பத்தின் யன்னலுக்கு எறியப்படும் முதற்கல்லின் நோக்கம் யன்னலை உடைப்பதன்று; அக்குடும்பத்தை ஊரைவிட்டுக் கிளப்புவது. குற்றவியற் சட்டம் உடைந்த கண்ணாடிக்கு விலை பேசும். இச்சட்டமோ அந்த நோக்கத்தைப் பார்க்கின்றது.

மூன்று சொற்களும் ஒரே பொருளனவா, வேறு வேறா என்ற வினாவுக்கு 1994இல் மாநிலத்தின் உயர் நீதிமன்றம் விடையளித்தது. கருச்சிதைவுச் சேவை வழங்கும் சிகிச்சை நிலையங்களின் வாயில்களை மறித்து நின்றோர் தொடர்பான வழக்கு அது. தீங்கு நேருமென இன்னொருவர் அஞ்சுமாறு வேண்டுமென்றே அழுத்தம் பிரயோகித்தல் அச்சுறுத்தல் ஆகும். ஒன்றைச் செய்யவைக்கவோ செய்யாது தடுக்கவோ ஒருவரைப் பயத்துக்குள்ளாக்குதல் மிரட்டல் ஆகும். உடல்வலிமையாலோ உளவலிமையாலோ ஒருவரை அவரது விருப்புக்கு மாறாக நெருக்குதல் வலுக்கட்டாயம் ஆகும். இவ்வரைவிலக்கணங்களைக் கூர்ந்து நோக்குமிடத்து, முதலாவது மனத்தில் எழுப்பப்படும் அச்சத்தையும், இரண்டாவது அவ்வச்சம் எதற்காக எழுப்பப்படுகின்றது என்பதையும், மூன்றாவது அதனால் வளைக்கப்படும் விருப்பத்தையும் மையமாகக் கொண்டுள்ளமை புலனாகும். தமிழில் நாளாந்தப் பேச்சில் ஒன்றுக்கொன்று பதிலாக வழங்கும் சொற்களுக்கிடையே இத்துணை நுட்பமான படிநிலை காட்டப்பட்டுள்ளமை பாராட்டுக்குரியது.

அச்சத்தை எதனால் அளப்பது என்பது அடுத்த பிரச்சினை. நீதிமன்றங்கள் பாதிக்கப்பட்டவரின் உள்ளத்தை அளவுகோலாகக் கொள்ளவில்லை. அந்நிலையில் வைக்கப்படும் நியாயமான மனிதர் ஒருவர் அஞ்சியிருப்பாரா என்றே வினவின. முதற்பார்வையில் இது பாதிக்கப்பட்டவருக்கு எதிரான அளவுகோல் போலத் தோன்றும். உண்மையில் அது துணிந்தவரைக் காக்கின்றது. கல்லெறியின் மறுநாளும் கதவைத் திறந்து வைத்து வாழும் குடும்பத் தலைவியை நோக்கி, 'நீர் அஞ்சவில்லையே, ஆகவே மிரட்டலும் இல்லை' என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வாதிட இவ்வளவுகோல் இடமளிப்பதில்லை. ஆயினும் அந்த நியாயமான மனிதர் யார், எந்தத் தெருவில் வளர்ந்தவர் என்ற ஐயம் எஞ்சியே நிற்கின்றது. தென் பொஸ்ரனில் ஒரு வெள்ளையருக்கு வெறும் கூச்சலாகத் தோன்றுவது, இரவில் வந்த கும்பல்களின் கதையைப் பாட்டியிடம் கேட்டு வளர்ந்தவருக்கு வேறொன்றாகக் கேட்கும். வரலாறு அற்ற ஒருவரை அளவுகோலாகக் கொண்டால், வரலாற்றினாற் கூர்மை பெற்ற மிரட்டல்கள் அளவிற் குறைந்தே தோன்றும்.

சட்டத்தின் சிறப்பை விளக்க ஒரு வழக்குப் போதுமானது. பீபொடி என்னும் ஊரிலுள்ள தனியார் கடைத்தொகுதி ஒன்றில், தேர்தலில் நிற்பதற்குத் தேவையான கையொப்பங்களைச் சேகரித்த வேட்பாளர் ஒருவரைச் சீருடை தரித்த தனியார் காவலாளி தடுத்தார். அடிக்கவில்லை, உதைக்கவில்லை, நிறுத்துமாறு கட்டளையிட்டார், அவ்வளவே. தனியாருக்குச் சொந்தமான நிலமாயினும் அங்கு கையொப்பம் சேர்க்கும் உரிமை மாநில யாப்பில் உண்டென்று 1983இல் தீர்மானிக்கப்பட்டது. சீருடைக் காவலாளியின் கட்டளை அவ்வுரிமையில் இச்சட்டம் கருதும் வகையிலான தலையீடே என்று 1985இல் முடிவாகியது. சீருடையின் மௌனமான பலத்தை ஏற்றுக்கொண்ட தீர்ப்பு இது.

தெருக்களின் இரத்தத்திலிருந்து பிறந்த சட்டம் அடுத்து எங்கு சென்றது என்பதும் சுவையானதே. அதே 1985இல், தமது காணியில் ரெனிஸ் மைதானம் அமைக்க விரும்பியோருக்கும் அதனை எவ்வாறாயினும் தடுப்போம் என்று நின்ற அயலவருக்கும் இடையிலான பிணக்கு இச்சட்டத்தின் கீழ் உயர் நீதிமன்றத்தை அடைந்தது. இன வேறுபாடு இல்லாத இடத்திலும் சட்டம் செல்லுபடியாகும் என்று நீதிமன்றம் கூறியது. ரெனிஸ் மைதானத்துக்காகவா பஸ் வண்டிகள் கல்லெறி பட்டன என்று ஒருவர் கசப்புடன் கேட்கலாம். ஆயின் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். கலிபோர்னியா மாநிலம் 1987இல் சட்டசபை உறுப்பினர் ரொம் பேன் அவர்களின் பெயரால் இத்தகைய சட்டமொன்றை நிறைவேற்றியது. அதிலும் அதே மூன்று சொற்கள் இடம்பெற்றன. 1994இல் அங்குள்ள மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று, இனம், மதம் போன்றவற்றால் வரையறுக்கப்பட்ட பிரிவைச் சேர்ந்தவரே இதன் கீழ் வழக்கிடலாம் என்று கூறிவிட, சட்டசபை தலையிட்டுத் திருத்தஞ் செய்ய நேர்ந்தது. 2000ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வரம்பு இல்லையென்பதைத் தெளிவாக்கியது. எல்லோருக்குமான சட்டம் ரெனிஸ் மைதானத்துக்கும் உதவும். அது பொதுமைக்குக் கொடுக்கப்படும் விலை. கலிபோர்னியாச் சட்டம் வேறொரு வகையிற் குறுகிய பாதையில் நின்றது. கடைக் காவலர் ஒருவரைப் பிடித்துச் சோதனையிட்ட வழக்கில், நியாயமற்ற சோதனைக்கு எதிரான உரிமை அரசுக்கு எதிராக மட்டுமே உள்ளது, தனியாருக்கு எதிராக அவ்வுரிமையே இல்லை, ஆகவே மீறலும் இல்லை என 1998இல் அம்மாநில உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்கதவால் வெளியேற்றப்பட்ட 1883 பின்கதவால் மீண்டும் உட்புகுந்தது.

அச்சம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும் இயல்பினது. பிரித்தானிய நடிகை வனெசா ரெட்கிறேவின் வழக்கு இதனைக் காட்டும். 1982இல் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'ஈடிபஸ் ரெக்ஸ்' நிகழ்ச்சியில் உரைஞராகப் பங்குகொள்ளுமாறு பொஸ்ரன் சிம்பொனி இசைக்குழு அவரை ஒப்பந்தஞ் செய்திருந்தது. அவர் பலஸ்தீன விடுதலை இயக்கத்தை ஆதரிப்பவர் என்பதால் எதிர்ப்புக்கள் எழ, இசைக்குழு நிகழ்ச்சியையே இரத்துச் செய்தது. நடிகை ஒப்பந்த மீறலுக்காக மாத்திரமன்றி இச்சட்டத்தின் கீழும் வழக்கிட்டார். இசைக்குழுவுக்கு அவர்மீது பகையில்லை. வெளியாரின் நெருக்குதலுக்கு அது பணிந்தது. மிரட்டலுக்குப் பணிந்தவர் மிரட்டலின் பங்காளியாவாரா? சமஷ்டி நீதிமன்றம் இவ்வினாவை மாநில உயர் நீதிமன்றத்திடம் கேட்க, 1987இல் நீதியரசர்கள் கருத்து வேறுபட்டு நின்றனர். எதனை மேடையேற்றுவது என்பது கலை நிறுவனத்தின் சொந்தக் கருத்துச் சுதந்திரமன்றோ என்ற வினா இவ்வழக்கின்மீது பெரும் நிழலாக விழுந்திருந்தது. இச்சட்டத்தின் கீழ் இசைக்குழு பொறுப்பாகாது என 1988இல் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் முடித்தது. அம்முடிவு சட்ட நோக்கிற் சரியாக இருக்கலாம். ஆயின் கூச்சலிட்டோர் ஒருபுறமும், கூச்சலுக்கு அஞ்சிய நிறுவனம் மறுபுறமும் நிற்க, கருத்துக்காக மேடையை இழந்தவருக்கு இச்சட்டம் எதனையும் கொடுக்கவில்லை.

சட்டத்தின் அடிப்படைக் குறை இவையொன்றிலும் இல்லை. அது வேறிடத்தில் உள்ளது. பேர்லிங்ரன் என்னும் ஊரில் நிறுவனமொன்று வருமானங் குறைந்தோருக்கான வீடமைப்புத் திட்டமொன்றை மேற்கொள்ள முயன்றது. ஊராட்சி அத்திட்டத்தை விரும்பவில்லை. ஆகவே பூங்காவும் பிற பொதுத்தேவைகளும் என்ற பெயரில் அக்காணியைச் சுவீகரிக்கத் தீர்மானித்தது. 1987இல் உயர் நீதிமன்றம் இச்சுவீகரிப்பு நேர்மையற்ற நோக்கத்துடன் செய்யப்பட்டது எனக் கண்டு அதனைச் செல்லாததாக்கியது. எனினும் குடியியல் உரிமைச் சட்டத்தின் கீழான கோரிக்கையை நிராகரித்தது. காரணம், ஊராட்சி யாரையும் அச்சுறுத்தவில்லை, மிரட்டவில்லை, வலுக்கட்டாயம் செய்யவில்லை. 1989இல் சிறைக்கைதி ஒருவரின் வழக்கில் இத்தத்துவம் வெளிப்படையாகவே கூறப்பட்டது. ஒருவரது உரிமையை நேரடியாக மீறுதல் என்பது தன்னளவில் அச்சுறுத்தலோ மிரட்டலோ வலுக்கட்டாயமோ ஆகாது என்பதே அத்தத்துவம்.

இத்தீர்ப்பையும் கடைத்தொகுதித் தீர்ப்பையும் அருகருகே வைத்து வாசித்தல் வேண்டும். மாதச் சம்பளம் பெறும் காவலாளி 'நிறுத்து' என்றால் சட்டம் விழித்தெழுகின்றது. ஓர் ஊராட்சி, கூட்டம் கூடி, வாக்கெடுத்து, பத்திரம் எழுதி, வறியவருக்கான வீடுகள் எழவிருந்த நிலத்தைக் கையகப்படுத்தினால் அது உறங்குகின்றது. ஏனெனில் பின்னதில் யாரும் அஞ்சவில்லை. அஞ்சுவதற்கு அவகாசமே கொடுக்கப்படவில்லை. அச்சுறுத்துவோன் ஒருவகையில் வலிமை குறைந்தவன். தான் விரும்பியதைத் தானே எடுத்துக்கொள்ள இயலாதபடியாற்றான் அவன் மற்றவனின் மனத்தை வளைக்க முற்படுகின்றான். வாளை உருவிக் காட்டுபவனுக்கே இச்சட்டம் பொருந்தும். காட்டாமலே வெட்டுபவனுக்குப் பொருந்தாது. உரிமை மீறலின் தீமை இழப்பில் உள்ளதா, இழப்புக்கு முந்திய அச்சத்தில் உள்ளதா என்ற வினாவுக்கு 1979ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டாவதையே விடையாகத் தேர்ந்தது. தெருக்கும்பல்களை மனத்திற் கொண்டு எழுதப்பட்ட சட்டம் அவ்வாறு தேர்ந்ததில் வியப்பில்லை. கும்பலின் ஆயுதம் அச்சமே. ஆனால் அலுவலகத்தின் ஆயுதம் அச்சமன்று, கோப்பு.

இவ்வரம்புக்குச் சார்பான வாதமும் உண்டு. அதனை இலேசாகத் தள்ளிவிடல் ஆகாது. இம்மூன்று சொற்களும் இல்லாவிடின் சட்டத்துக்கு முரணான ஒவ்வொரு நிருவாகச் செயலும் குடியியல் உரிமை வழக்காகிவிடும். அனுமதிப்பத்திரம் மறுக்கப்பட்ட ஒவ்வொருவரும் நட்டஈடு கேட்பர். இறுதியில் உண்மையாக மிரட்டப்பட்டவரின் வழக்கு அக்குவியலுக்கு அடியிற் புதையும். இது நியாயமான அச்சமே. ஆயின் குவியலைத் தடுக்க வேறு வாயில்களும் உள்ளன என்பதைக் கலிபோர்னியாவின் பிந்திய தீர்ப்புகள் காட்டுகின்றன. எழுதுவினைஞரின் தவறொன்றினால் விடுதலை பெற வேண்டிய நாளுக்கு மேலாக ஏறத்தாழ 16 நாட்கள் லொஸ் ஏஞ்சல்ஸ் சிறையில் வைக்கப்பட்ட ஒருவரின் கோரிக்கையை 2012இல் ஒரு நீதிமன்றம் ஏற்கவில்லை. அங்கு கவனயீனம் இருந்ததேயன்றி வேண்டுமென்று செய்த வலுக்கட்டாயம் இருக்கவில்லை. 2017இலோ, சான் பிரான்சிஸ்கோ பொலிஸார் பூங்காவில் ஓடிக்கொண்டிருந்த ஒருவரைத் துரத்திக் கைதுசெய்த வழக்கில் வேறொரு மேன்முறையீட்டு நீதிமன்றம், சட்டவிரோதக் கைதுக்குப் புறம்பாக இன்னொரு மிரட்டலைத் தேட வேண்டியதில்லை, உரிமையை மீறும் நோக்கம் இருந்ததா என்று கேட்டால் போதும் என்றது. கைவிலங்கு தன்னளவில் வலுக்கட்டாயமன்று என்று சொல்வதற்குச் சட்டக் கல்வி தேவைப்படும். பாமரர் எவரும் அவ்வாறு சொல்லமாட்டார். நோக்கத்தை வினவும் இவ்வளவுகோல் பேர்லிங்ரன் வழக்குக்குப் பிரயோகிக்கப்பட்டிருப்பின் முடிவு வேறாக இருந்திருக்கும் என ஊகிக்கலாம். ஊராட்சியின் நேர்மையற்ற நோக்கம் அங்கு ஏற்கெனவே நிரூபணமாகியிருந்தது. அதற்குமேல் தேடப்பட்டது ஒரு மிரட்டற் சொல் மாத்திரமே.

மசாச்சுசெற்ஸ் நீதிமன்றங்கள் அரசு சார்ந்தோருக்கு மேலும் சில கேடயங்களை அளித்தன. தமது செயல் தெளிவாக நிலைநாட்டப்பட்ட உரிமையை மீறுகின்றது என்று அறிந்திருக்க இயலாத உத்தியோகத்தருக்கு விலக்கு உண்டென்ற சமஷ்டிக் கோட்பாடு 1989இல் இச்சட்டத்துக்குள்ளும் வாசிக்கப்பட்டது. மாநகரசபை இச்சட்டம் கூறும் 'ஆள்' ஆகாது என 2001இல் தீர்மானிக்கப்பட்டது. தனியாரைத் தேடிச் செல்லவெனப் பிறந்த சட்டம் அரசைக் கண்டபோது நடை தளர்ந்தமை முரண்நகையாகும்.

மினியாபொலிஸ் நகரில் ஜோர்ஜ் புளொயிட் பொலிஸாரின் கையில் இறந்த 2020ஆம் ஆண்டின் இறுதியில், மசாச்சுசெற்ஸ் சட்டசபை பொலிஸ் சீர்திருத்தச் சட்டமொன்றை நிறைவேற்றியபோது 1979ஆம் ஆண்டுச் சட்டத்தையும் திருத்தியது. பக்கச்சார்பற்ற பொலிஸ் சேவைக்கான உரிமை அதில் புதிதாகச் சேர்க்கப்பட்டது. பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரின் நடத்தை அவர் சேவைச் சான்றினை இழப்பதற்குக் காரணமாகுமாயின், அந்நடத்தையே முதற்றோற்றத்தில் அவ்வுரிமையின் மீறலாகக் கொள்ளப்படும். அவருக்கு விலக்கும் கிடையாது. இங்கு முதன்முறையாகச் சட்டம் அஞ்சியவரின் மனத்தைவிட்டுச் செய்தவரின் செயலை நோக்கித் திரும்பியது. ஆயின் சான்றினைப் பறிப்பது வழக்காளியின் கையிலோ யூரிமாரின் கையிலோ இல்லை. அதே சட்டம் தோற்றுவித்த ஆணைக்குழுவொன்றின் கையில் உள்ளது. ஆணைக்குழு சான்றினைப் பறிக்காதவிடத்து உத்தியோகத்தரின் கேடயம் முன்னர் இருந்தவாறே இருக்கின்றது. காணியைப் பத்திரத்தால் எடுத்துக்கொள்ளும் ஊராட்சியைப் பொறுத்தவரை, 1987இல் வேண்டப்பட்ட அம்மூன்று சொற்களை இத்திருத்தம் தொடவில்லை.